ஏற்றத்தில் வியர்வை, இறக்கத்தில் நடுக்கம்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்குச் சைக்கிளில் ஏறுவது சுமார் ஐம்பது கிலோமீட்டர்ப் பயணம். அடிவாரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டரில். டிசம்பர் மாத விடியற்காலையில் கிளம்பினாலும் முதல் சில கொண்டை ஊசி வளைவுகளிலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு மழை பெய்ய வேண்டும் என்பதில்லை. அதே ஆள் மேலே போய் ஒரு டீ குடித்துவிட்டு, அதே சட்டையோடு திரும்பி இறங்கினால், குன்னூர் வருவதற்குள் பிரேக்கைப் பிடிக்கும் விரல்கள் மரத்துப்போயிருக்கும். குன்னூருக்கு மேல் ஏறியபோது இருந்த குளிர்தான் இறங்கும்போதும் இருக்கிறது. தெர்மாமீட்டர் அப்படித்தான் சொல்லும். மாறியிருப்பது உடம்பின் வரவு செலவு.

குளிரிலும் மழையிலும் சைக்கிள் ஓட்ட உடை வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "தண்ணீர் புகாத கோட்டு எது?" என்பதைத்தான். அந்தக் கேள்வி நின்றுகொண்டிருப்பவருக்குப் பொருந்தும், மிதிப்பவருக்குப் பொருந்தாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் மழையில் மிதித்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கோட்டுக்குள்ளும் நனையத்தான் செய்வோம், வெளியிலிருந்து இல்லையென்றால் உள்ளிருந்து. எனவே கேட்க வேண்டியது, "நனைந்த பிறகும் சூட்டை விடாத உடை எது?"

முதலில் அந்த வரவு செலவைப் பார்த்துவிடலாம்.

நம் தசைகள் எரிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குகூடப் பெடலுக்குப் போய்ச் சேருவதில்லை. மலையேறும்போது பெடலில் 150 வாட் கொடுக்க வேண்டுமென்றால் உள்ளே 650 வாட் அளவுக்குச் செலவாகிறது. மீதி 500 வாட்டும் வெப்பம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரிடமிருந்து வெளியாகும் வெப்பம் நூறு வாட்தான். ஆக, ஏற்றத்தில் நாம் ஐந்து பேரின் சூட்டோடு, மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் வேகத்தில், காற்றே படாமல் போய்க்கொண்டிருக்கிறோம். உடம்புக்குத் தெரிந்த வழி வியர்வை ஒன்றுதான். ஒரு லிட்டர் வியர்வை தோலில் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். 500 வாட்டையும் அப்படியே வெளியேற்ற மணிக்கு முக்கால் லிட்டர் ஆவியாக வேண்டும். ஆவியாகாதது துணியில் தங்கும்.

உச்சி வந்து சைக்கிள் இறங்கத் தொடங்கியதும் மிதிப்பது நிற்கிறது. உடம்பின் உலை நூறு, நூற்றைம்பது வாட்டுக்குத் தணிந்துவிடுகிறது. ஆனால் காற்று மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் மார்பில் அடிக்கிறது. சட்டையில் 300 கிராம் வியர்வை தங்கியிருக்கிறது என்று வையுங்கள். அரை மணி நேர இறக்கத்தில் அது முழுதும் ஆவியானால் அதற்குத் தேவைப்படும் வெப்பம் 720 கிலோஜூல், அதாவது சராசரியாக 400 வாட். அதில் ஒரு பகுதியைச் சுற்றியுள்ள காற்று தரும். மிச்சத்தை உடம்புதான் கொடுக்க வேண்டும். மண்பானை தன் மேல் கசியும் நீரால் உள்ளிருக்கும் தண்ணீரைக் குளிரவைப்பது போல, நனைந்த சட்டை உள்ளிருக்கும் ஆளைக் குளிரவைக்கிறது.

மழை பெய்தால் நிலைமை வேறுவிதமாக மோசமாகும். ஈரக் காற்றில் ஆவியாதல் குறையும் என்பது உண்மை. ஆனால் தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். உடை நம்மைச் சூடாக வைப்பது நூலால் அல்ல, நூல்களுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றால். அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் துணி இருந்தும் இல்லாத மாதிரிதான். போதாக்குறைக்கு, நம் உடம்பு சூடாக்கிய தண்ணீரை அடுத்து வரும் மழை அடித்துக்கொண்டு போகிறது.

காற்றின் பங்கை அளந்து பேர்பெற்றவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இரு அமெரிக்கர்கள். 1940-களின் தொடக்கத்தில் அண்டார்க்டிகாவில், ஒரு சிறு பிளாஸ்டிக் உருளையில் நிரப்பிய தண்ணீர் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று வெவ்வேறு காற்று வேகங்களில் குறித்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கைத் திருத்தி அமெரிக்காவும் கனடாவும் 2001-இல் ஏற்றுக்கொண்ட சூத்திரப்படி, 5 டிகிரி குளிரில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் முகத்துக்கு அது பூஜ்யம் டிகிரி போல இருக்கும். இது உலர்ந்த முகத்துக்கான கணக்கு. நனைந்த முகத்துக்கு இன்னும் கொடுமை. காற்றே வீசாத நாளிலும் இறக்கத்தில் போகும் சைக்கிள்காரர் அந்தக் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார்.

இந்த வரவு செலவு ஊரறிய அம்பலமான நாள் 1988 ஜூன் 5. ஜீரோ தி இத்தாலியா சைக்கிள் பந்தயத்தின் 14-ஆம் கட்டம் அன்று ஆல்ப்ஸ் மலையின் காவியா கணவாயைத் தாண்டி போர்மியோ நகரில் முடிய வேண்டும். கணவாயின் உயரம் 2,600 மீட்டருக்கு மேல். கீழே மழை, மேலே பனிப்பொழிவு. டச்சு வீரர் யோஹான் வான் டெர் வெல்டே அரைக்கைச் சட்டையோடு தனியாக முந்திப்போய், முதல் ஆளாக உச்சியைத் தொட்டார். ஏற்றம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை, உலை எரிந்துகொண்டிருந்தது. இறக்கத்தில் அது அணைந்தது. சைக்கிளை நிறுத்தி ஒதுங்கி உடம்பைச் சூடேற்றிக்கொண்ட பிறகே அவரால் தொடர்ந்து போக முடிந்தது. உச்சியை முதலில் கடந்தவர் போர்மியோவுக்கு வந்து சேர்ந்தபோது முக்கால் மணி நேரத்துக்கு மேல் பின்தங்கியிருந்தார்.

அன்று காலையிலேயே அமெரிக்காவின் 7-இலெவன் அணி நிர்வாகிகள் உள்ளூர்ப் பனிச்சறுக்குக் கடையில் கிடைத்த குளிர் உடைகளை எல்லாம் வாங்கிவந்திருந்தார்கள். அவர்களுடைய வீரர் ஆண்டி ஹாம்ப்ஸ்டன், ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின் கொழுப்பை உடம்பெல்லாம் பூசிக்கொண்டார். உள்ளே பாலிபுரோப்பிலீன் பனியன், கையில் நியோப்ரீன் கையுறை, தலைக்குக் கம்பளிக் குல்லா. அவரும் நனைந்தார், அவரும் நடுங்கினார். ஆனால் பிரேக் பிடிக்க முடிந்தது. அன்றைய கட்டத்தை ஏழு நொடி வித்தியாசத்தில் எரிக் ப்ரோகிங்க் வென்றார். மொத்தப் பந்தயத்தில் முன்னிலை வகிப்பவருக்கான இளஞ்சிவப்புச் சட்டை ஹாம்ப்ஸ்டனுக்குப் போனது. கடைசிவரை அதை அவர் விடவில்லை. ஜீரோவை வென்ற, ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்த முதல் ஆள் அவர்தான்.

ஹாம்ப்ஸ்டன் போட்டிருந்த இவற்றில் எதுவும் தண்ணீரை முழுதாகத் தடுக்கும் பொருள் இல்லை என்பதைக் கவனியுங்கள். நனைந்த பிறகும் வேலை செய்பவை அவை.

உடலோடு ஒட்டும் துணியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். நம் ஊர் வெயிலுக்குத் திருப்பூர் பருத்தி பனியனை மிஞ்ச ஆளில்லை. தண்ணீரை உறிஞ்சி, பிடித்து வைத்துக்கொண்டு, மெல்ல ஆவியாகவிடும் பருத்தியின் குணம்தான் கோடையில் நமக்கு வரம். குளிர் மலையில் அதே குணம் எதிரி. நனைந்த பருத்தி துவண்டு தோலோடு ஒட்டிவிடும். நடுவில் காற்றுக்கு இடமே இருக்காது. பாலியெஸ்டரும் பாலிபுரோப்பிலீனும் இழைக்குள் தண்ணீரை ஏறக்குறைய ஏற்பதே இல்லை. இழைகளுக்கு நடுவே ஓடும் ஈரம் சீக்கிரம் வெளிப்பக்கம் போய்ப் பரவிவிடுகிறது. மலிவானது, விரைவில் உலரும். நாற்றம் பிடிக்கும் என்பது ஒன்றுதான் குறை.

கம்பளியின் கதை இவற்றைவிடச் சுவையானது. நல்ல கம்பளி ஸ்வெட்டரின் கைமேல் விரலால் ஒரு துளி தண்ணீரை விட்டுப் பாருங்கள். பருத்தியில் விட்டால் உடனே கறையாகப் பரவும் துளி, இங்கே சிறிது நேரம் உருண்டு நிற்கும். இழையின் வெளிச் செதில்களை மூடியிருக்கும் மெல்லிய கொழுப்புப் படலம் தண்ணீரைத் தள்ளுகிறது. ஆனால் நீராவியை அது தடுப்பதில்லை. ஆவி உள்ளே நுழைந்து இழையின் புரதத்தோடு பிணைந்துகொள்கிறது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை இப்படி உள்ளே வாங்கிக்கொண்டும், தொட்டால் ஈரம் தெரியாமல் இருக்கக் கம்பளியால் முடியும். இன்னொரு நன்மையும் உண்டு. ஆவி இழையோடு பிணையும்போது கொஞ்சம் வெப்பம் வெளிவருகிறது. அளவு பெரிதல்ல என்றாலும், அது சரியாகக் குளிர் தொடங்கும் நேரத்தில் வருகிறது. இழையின் இயற்கையான சுருள் நனைந்த பிறகும் முழுதாகப் படிந்துவிடுவதில்லை என்பதால் காற்றுக்கு இடம் மிஞ்சுகிறது.

பழைய காலப் பந்தய வீரர்கள் கம்பளிச் சட்டையில்தான் ஓட்டினார்கள். 1919-இல் டூர் தி பிரான்ஸ் பந்தயத்தில் முன்னிலை வகிப்பவருக்காக அறிமுகமான மஞ்சள் சட்டையும் கம்பளிதான். 1940-களின் இறுதியில் அதில் செயற்கை இழை கலந்தபோது, லூயிசோன் போபே என்ற வீரர் அதை அணியவே மறுத்துச் சுத்தக் கம்பளிச் சட்டை கேட்டு வாங்கினார் என்பது அந்தப் பந்தய வரலாற்றில் பேர்போன கதை. இன்று கிடைக்கும் மெரினோ வகை மெல்லிய கம்பளி பனியன் அரிப்பதில்லை. விலைதான் அதிகம். கம்பளி என்று விற்கப்படுவதெல்லாம் கம்பளியும் அல்ல. மலைவாசத் தலங்களின் தெருக்கடைகளில் தொங்கும் ஸ்வெட்டர்களில் பல அக்ரிலிக். ஓரத்தில் தொங்கும் ஒரு நூலைப் பிய்த்துத் தீயில் காட்டினால் தெரிந்துவிடும். கம்பளி தலைமுடி கருகும் வாடையோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான கரிய மணியாகிவிடும். அக்ரிலிக்கும் பருத்தியைவிட மேல் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வலைப் பனியன் என்று ஒன்று உண்டு. நார்வே ராணுவ அதிகாரி ஹென்ரிக் புருன் 1933-இல் மீன்வலையை வெட்டித் தைத்துச் செய்தது. 1953-இல் எவரெஸ்ட் ஏறிய குழுவினரும் வலைப் பனியன் கொண்டுபோனார்கள். வலைக்கண் ஒவ்வொன்றிலும் காற்று நிற்கும். மேலே இருக்கும் நனைந்த சட்டை தோலைத் தொடாது. இன்று பந்தய வீரர்கள் உள்ளே அணியும் மெல்லிய வலைச் சட்டை இதன் வழிவந்தது. அதிகம் வியர்ப்பவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

இனி, எல்லோரும் பணத்தைக் கொட்டும் மேல்கோட்டு. 1969-இல் பாப் கோர் என்பவர், சூடேற்றிய டெஃப்லான் தண்டு ஒன்றை மெதுவாக இழுத்து இழுத்து அறுந்துபோன சலிப்பில் வெடுக்கென்று இழுத்தார். அது அறுபடாமல் பல மடங்கு நீண்டது. நீண்ட பொருள் முழுக்க நுண்துளைகள். நீர்த்துளி நுழைய முடியாத, நீராவி மூலக்கூறு தாராளமாக நுழையும் துளைகள். கோர்டெக்ஸ் பிறந்த கதை இது. மழை உள்ளே வராது, வியர்வை ஆவியாக வெளியே போகும் என்ற விளம்பரத்தில் பொய் இல்லை. ஆனால் நிபந்தனை இருக்கிறது.

இத்தகைய கோட்டுகளின் அட்டையில் 10,000 கிராம், 20,000 கிராம் என்று எழுதியிருக்கும். ஒரு சதுர மீட்டர் துணி ஒரு நாளில் வெளியேற்றக்கூடிய ஆவியின் அளவு அது. 10,000 என்றால் மணிக்கு 417 கிராம். ஏற்றத்தில் நம் மேலுடம்பு மட்டும் கொட்டும் வியர்வையைப் பார்த்தால், ஆய்வகத்தின் சாதகமான சூழலிலேயே இது ஓரளவுக்குத்தான் சரிக்கட்டும். மழைக்குள் அந்தச் சூழல் கிடையாது. பழைய கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு மழையில் நின்று தோள்பட்டையைப் பாருங்கள். முதலில் துளிகள் முத்தாக உருண்டு ஓடும். சிறிது நேரத்தில் ஒரு இடம் கருத்து, ஈரம் படரத் தொடங்கும். கோட்டுக்குள் இருக்கும் அந்த நுண்துளைச் சவ்வு ஓட்டையாகிவிடவில்லை, அதன் மேலுள்ள துணியின் நீர்விலக்கிப் பூச்சு தேய்ந்துவிட்டது. துணி முழுக்க நீர்ப்படலம் மூடியதும் ஆவி வெளியேற வழி அடைபடுகிறது. உள்ளே வியர்வையின் ஆவி குளிர்ந்த சவ்வின்மேல் பட்டு நீராகிறது. கோட்டு ஒழுகுகிறது என்று பலரும் சொல்வது பெரும்பாலும் இந்த உள்மழையைத்தான். துணி மென்மையாக்கி போடாமல் துவைத்து, லேபிளில் அனுமதி இருந்தால் இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டால் பூச்சு ஓரளவு உயிர் பெறும்.

நம் ஊருக்கு இன்னொரு முக்கியமான நிபந்தனை. ஆவியை வெளியே தள்ளும் விசை, உள்ளிருக்கும் ஆவி அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் ஆவி அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான். 35 டிகிரி சூட்டில் இருக்கும் ஈரத் தோலருகே அது 5.6 கிலோபாஸ்கல். ஊட்டியில் 8 டிகிரி மழைக்காற்றில் சுமார் 1.1, எனவே தள்ளுவிசை 4.5. மேட்டுப்பாளையத்தில் 26 டிகிரியில் மழை பெய்தால் வெளியே 3.4 இருக்கும், தள்ளுவிசை 2.2, பாதிகூட இல்லை. ஐரோப்பியக் குளிருக்கு வடிவமைத்த விலையுயர்ந்த கோட்டை வாங்கிச் சமவெளி மழையில் ஓட்டினால் வெந்துபோவதன் காரணம் இதுவே. சென்னை, கோவை மழையில் ஓட்டுபவர் நனைந்துகொண்டே போவதுதான் புத்திசாலித்தனம். வெதுவெதுப்பான மழையில் குளிரால் ஆபத்தில்லை.

மலைக்கு என்ன கோட்டு? அக்குளில் ஜிப் வைத்துத் திறந்துவிடக்கூடியது, பின்பக்கம் வால் நீண்டது, கை நீளமானது, மார்பில் படபடக்காமல் உடலோடு ஒட்டி நிற்பது. தொளதொளவென்ற கோட்டு காற்றில் அடித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் சூடான காற்றை வெளியேற்றும். இந்த உண்மையைப் பந்தய உலகம் முழுதாக ஒப்புக்கொண்டது 2013 மார்ச் 17 அன்று நடந்த மிலான்–சான் ரெமோ பந்தயத்தில். பனி கொட்டி, பாதி வழியில் வீரர்களை பஸ்ஸில் ஏற்றிக் கணவாயைக் கடத்திவிட்டு மீண்டும் ஓட்டச் சொன்ன நாள் அது. அன்று பல அணி வீரர்கள் காஸ்டெல்லி நிறுவனத்தின் 'காபா' என்ற கருப்புச் சட்டையை அணிந்திருந்தார்கள். தங்கள் அணிக்கு உடை தரும் நிறுவனம் வேறு என்பதால், சிலர் அதன் சின்னத்தை மறைத்துவிட்டே அணிந்தார்கள். காபா முழுமையான மழைக்கோட்டு அல்ல. இறுக்கமானது, காற்றைத் தடுப்பது, நீரைப் பெருமளவு தள்ளுவது. நனையலாம், ஆனால் உள்ளே புகுந்த ஈரம் சூடாகவே இருக்கும், காற்று அதை அள்ளிக்கொண்டு போகாது. ஒப்பந்தத்தை மீறியும் அதைத் தேடிப் போனார்கள் என்பதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

அந்த அளவுக்குப் பணம் இல்லாதவர்களுக்குப் பழைய ஐரோப்பிய வழக்கம் ஒன்று இருக்கிறது. கணவாயின் உச்சியில் நிற்கும் ரசிகர்கள் நீட்டும் தினசரித் தாளை வாங்கி, வீரர்கள் சட்டைக்குள் மார்பில் செருகிக்கொண்டு இறங்குவார்கள். காற்று எப்போதும் முன்னாலிருந்துதான் வருகிறது என்பதால் முன்பக்கம் தடுத்தால் போதும், முதுகு சுவாசிக்கலாம். நீலகிரி டீக்கடையில் கிடைக்கும் நேற்றைய பேப்பரும் இதே வேலையைச் செய்யும். நான்கு மடிப்பாக வையுங்கள்.

விரல்கள் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். உடம்பின் நடுப்பகுதி குளிரத் தொடங்கியதும் மூளை முதலில் செய்வது கைகளுக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பது. விரல் தோலின் சூடு 15 டிகிரிக்குக் கீழே போனால் நுட்பமான அசைவுகள் தடுமாறும். இறங்கும் சைக்கிளில் பிரேக் விரலில்தான் இருக்கிறது. எனவே கையுறை என்பது வசதி அல்ல, பிரேக்கின் ஒரு பாகம். மழைக்கு நியோப்ரீன் ரப்பர் சிறந்தது. 1950-களின் தொடக்கத்தில் ஹியூ பிராட்னர் என்ற இயற்பியலாளர் கடலில் மூழ்குபவர்களுக்காக 'வெட்சூட்' என்ற ஈர உடையைச் செய்தபோது அவர் பிடித்த உண்மை எளிமையானது: சூடாக இருக்க உலர்ந்திருக்க வேண்டியதில்லை. ரப்பருக்குள் அடைபட்ட வாயுக் குமிழ்கள் வெப்பத்தைத் தடுத்தால் போதும். நியோப்ரீன் கையுறைக்குள் தண்ணீர் புகும், சூடாகும், அங்கேயே இருக்கும். உடம்பைக் குளிரவிட்டுக் கையை மட்டும் மூடிப் பயனில்லை என்பதையும் மறக்க வேண்டாம். மார்பைக் காத்தால் விரலுக்கு ரத்தம் தானாக வரும்.

மிளகாயின் கேப்சைசின் சேர்த்த களிம்பைக் காலில் தேய்த்துக்கொண்டு ஓட்டுவது பெல்ஜியத்துப் பழக்கம். மிளகாய் காரம் சூட்டை உணரும் நரம்பு வாயிலைத்தான் தட்டுகிறது. அந்த வாயிலைக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தோல் எரிகிறது, உடம்பு சூடாகவில்லை. தோலின் ரத்த நாளங்கள் விரிவதால் வெப்பம் கூடுதலாகவே வெளியேறலாம். இதை உடைக்கு மாற்றாக நினைப்பது ஆபத்து.

பாதத்துக்குக் கம்பளி சாக்ஸ், அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பை, அதன்மேல் ஷூ, அவ்வளவே. தலைக்கு ஹெல்மெட்டுக்கு அடியில் முன்விளிம்பு வைத்த துணித் தொப்பி, கண்ணில் மழை படாமல் இருக்க.

உடைக் கடையில் கிடைக்காத ஒரு மழை உடை, மட்கார்டு. சாலைத் தண்ணீரை முன்சக்கரம் பாதத்தில் அடிக்கிறது, பின்சக்கரம் முதுகிலும் இடுப்பிலும் ஒரு கோடாக அடித்துக்கொண்டே இருக்கிறது. மழை நின்ற பிறகும் இது நிற்காது. நம் பழைய பால்காரர் சைக்கிள்களில் தகர மட்கார்டு தானாகவே இருந்தது. இன்று ஸ்போர்ட்ஸ் சைக்கிள் என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பாலும் அது இல்லை. கோட்டுக்குச் செலவழிக்கும் முன் மட்கார்டுக்குச் செலவழியுங்கள். சில நூறு ரூபாயில் இவ்வளவு பலன் தரும் பொருள் வேறு இல்லை.

கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். வீட்டு வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் நீங்கள் அதிகம் போட்டிருக்கிறீர்கள். பத்து நிமிடத்தில் வியர்வை தொடங்கும், அந்த வியர்வைதான் இறக்கத்தில் வட்டியோடு வசூலிக்கும். ஏறும்போது ஜிப்பைத் திறந்துவிடுங்கள், கோட்டைக் கழற்றிப் பையில் வையுங்கள். ஒரு உலர்ந்த பனியனையும் உலர்ந்த கையுறையையும் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப்போங்கள். உச்சியில் டீக்கு முன் சட்டையை மாற்றுங்கள், டீக்குப் பின் அல்ல. உடம்பின் உட்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. உடன் வருபவரின் பேச்சு குழறினாலோ, பொத்தான் போடத் தடுமாறினாலோ, நடுங்கிக்கொண்டிருந்தவர் சோர்ந்து நடுக்கம் நின்றுபோனாலோ அங்கேயே நிறுத்துங்கள். காற்றுப் படாத இடத்துக்கு அழைத்துப்போய் ஈர உடையைக் கழற்றி, உலர்ந்ததைப் போர்த்தி, நினைவோடு இருந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுங்கள். மது கொடுக்காதீர்கள். மீதி இறக்கத்தை வண்டியில் போகச் சொல்லுங்கள்.